சிறு வியாபாரக் கணக்கு: கடைக் கம்ப்யூட்டரிலா, இன்டர்நெட்டிலா?

நமது மதுரை ஜில்லாவில் நிலம் வைத்திருப்போரில் பலர் பயிர்த் தொழிலோடு மட்டும் நிற்பதில்லை. நெல் அரவை மில், உரக்கடை, மாட்டுத்தீவனக் கடை, பூக் கமிஷன் மண்டி, பால் பண்ணை என்று ஏதேனும் ஒரு சிறு வியாபாரத்தையும் கூடவே நடத்தி வருகிறார்கள். இவர்களுடைய பாட்டனார் காலத்தில் சிட்டா, பேரேடு, ஐந்தொகை ஆகிய மூன்றும் கணக்குப்பிள்ளையின் மேஜையில் இருந்தன. இப்பொழுது அவை கம்ப்யூட்டருக்குள் சென்றுவிட்டன. அப்படிச் செல்லும்போது ஒரு கேள்வி எழுகிறது. கணக்கைக் கடையிலுள்ள கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்வதா, அல்லது இன்டர்நெட் மூலம் எங்கோ உள்ள ஒரு கம்பெனியின் சர்வரில் வைப்பதா என்பதே அது. இவ்விஷயம் பற்றிப் பலர் நம்மிடம் விசாரிப்பதால், அறிந்தவற்றை இங்கே தொகுத்துக் கூறுகிறோம்.

ஒரு சம்பவம்

தேனி ரோடும் பைபாஸ் ரோடும் கூடுகிற காளவாசலுக்கு அருகே எனக்குத் தெரிந்த ஒரு மிராசுதார் உரமும் விதையும் விற்கும் கடை வைத்திருக்கிறார். காகிதக் கணக்கை விட்டுக் கம்ப்யூட்டரில் எழுதும்படி அவருக்கு யோசனை சொன்னவன் நானே. இரண்டு வருஷங்கள் யாதொரு குறையுமின்றி நடந்தது. மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் காலை கம்ப்யூட்டர் திறக்கவில்லை. அதனுள் இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. பழுது பார்ப்போர் இருவரிடம் கொடுத்தும் கணக்கு மீளவில்லை.

ரொக்க விற்பனைக் கணக்கு போனதைப் பற்றி அவர் அவ்வளவு வருந்தவில்லை. அறுவடைக்குப் பின் தருவதாகச் சொல்லிக் குடியானவர்கள் கடனாக வாங்கிச் சென்ற உரத்தின் கணக்கு முழுவதும் அதில் இருந்தது. அவர் கிராமம் கிராமமாகச் சென்று, வீட்டு வாசலில் நின்று, “அண்ணே, உங்கள் பாக்கி எவ்வளவு?” என்று கேட்க நேர்ந்தது. பெரும்பாலோர் தங்களுக்குத் தெரிந்தபடி சொல்லிப் பணத்தையும் கொடுத்தார்கள். ஒரு சிலரோடு மனஸ்தாபம் ஏற்பட்டது. அது இன்றும் முழுவதும் தீரவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று கூறமுடியாது. அவர்கள் ஞாபகமும் இவர் ஞாபகமும் ஒத்துவரவில்லை, அவ்வளவே. ஞாபகத்தை நம்பக்கூடாது என்பதற்காகத்தானே கணக்கு எழுதுகிறோம்!

கம்ப்யூட்டர் வாங்கச் சொன்ன நான் பிரதி எடுத்து வைக்கச் சொல்லவில்லை. அந்தக் குறையை ஓரளவேனும் நிறைவு செய்யும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இரு வகைகள்

கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கும் கணக்கு மென்பொருளுக்கு நம் தேசத்தில் யாவரும் அறிந்த உதாரணம் டேலி. 1986-ஆம் வருஷத்தில் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் குமாரர் பரத் கோயங்காவும் இதைத் தொடங்கினார்கள். தகப்பனாரின் வியாபாரக் கணக்கை எழுதத் தகுந்த மென்பொருள் கிடைக்காததால் மகன் தாமே ஒன்றைச் செய்தார் என்பது இதன் வரலாறு. இவ்வகையில் கணக்கு முழுவதும் நம் கம்ப்யூட்டரிலேயே தங்கியிருக்கும்.

இன்டர்நெட் வழியாக எழுதும் வகைக்கு உதாரணம் ஸோஹோ புக்ஸ். ஸ்ரீதர் வேம்புவும் அவர் கூட்டாளிகளும் 1996-ல் தொடங்கிய கம்பெனி 2011-ல் இதை வெளியிட்டது. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறைக் கிராமத்திலும் இக்கம்பெனிக்கு அலுவலகம் உண்டு. இவ்வகையில் கணக்கு கம்பெனியின் சர்வரில் இருக்கும். நாம் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும், கைப்பேசியிலிருந்தும், கடவுச்சொல் கொடுத்து அதைத் திறந்து எழுதலாம்.

இரண்டு வகையிலும் வேறு கம்பெனிகளின் மென்பொருள்கள் உள்ளன. இவ்விரண்டையும் உதாரணமாகவே சொன்னோம். சிபாரிசாகக் கொள்ள வேண்டாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இந்த வேற்றுமை புதிதல்ல. ஊராட்சிகளின் கணக்குக்கென 2020 ஏப்ரல் 24-ல் தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் இன்டர்நெட் வகையைச் சேர்ந்தது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கை ஒரே பொது மென்பொருளில் கொண்டுவர மத்திய சர்க்கார் 2022-ல் அனுமதித்த திட்டமும் அத்தகையதே. பல ஊர்க் கணக்கை ஓரிடத்திலிருந்து பார்க்கவேண்டியிருப்பதே இதற்குக் காரணம். சொந்த வியாபாரத்தில் இக்காரணம் உண்டா, இல்லையா என்பதை அவரவரே யோசிக்கவேண்டும்.

கடைக் கம்ப்யூட்டரின் குணதோஷங்கள்

இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பில் போடலாம், பேரேடு பார்க்கலாம் என்பது இதன் முதல் அனுகூலம். சர்க்கார் மானிய உரம் விற்கும் பி.ஓ.எஸ். யந்திரத்துக்குத் தொடர்பு கிடைக்காமல் குடியானவர்கள் கடை வாசலில் காத்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தத் தொல்லை கடைக் கணக்குக்கு இராது. ஆனால் ஜி.எஸ்.டி. விவரப் பத்திரத்தை இன்டர்நெட் மூலமே தாக்கல் செய்யவேண்டும்; அதற்கு மட்டும் தொடர்பு அவசியம்.

இதன் தோஷம், கணக்கின் ஆயுள் கம்ப்யூட்டரின் ஆயுளோடு கட்டுப்பட்டிருப்பதாகும். ஹார்ட் டிஸ்க் பழுதாகலாம். கம்ப்யூட்டர் திருட்டுப் போகலாம். வெள்ளமும் ஒரு பகையே. 2023 டிசம்பரில் தூத்துக்குடி ஜில்லாவிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. 2024 அக்டோபரில் நம் மதுரை நகரிலேயே செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் வைத்த கம்ப்யூட்டர் இத்தகைய நாளில் தப்பாது. இன்னொரு பகை, கணக்குகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் துஷ்ட மென்பொருள். 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்ற பெயருடைய ஒன்று உலகெங்கும் பரவி ஆஸ்பத்திரிகளையும் கம்பெனிகளையும் ஸ்தம்பிக்கச் செய்தது. பழைய மென்பொருளைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தவர்களே அதில் பெரிதும் அகப்பட்டார்கள்.

இன்டர்நெட் வகையின் குணதோஷங்கள்

கடை தீப்பற்றினாலும் கணக்கு போகாது. காளவாசல் கடையில் போட்ட பில்லை உசிலம்பட்டியில் தோட்டத்தில் இருக்கும் முதலாளி அப்பொழுதே பார்க்கலாம். கூட்டாளிகள் இருவர், ஆடிட்டர் ஒருவர் என்று பலரும் ஒரே கணக்கைப் பார்க்கும் வசதி உண்டு. வரி விதி மாறும்போது மென்பொருளை மாற்றும் வேலையைக் கம்பெனியே செய்துவிடும்.

ஆயினும் இதில் மூன்று ஆபத்துகள் உள்ளன. முதலாவது, தொடர்பு இல்லாத வேளையில் வேலை பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டாவது, சந்தா செலுத்தும்வரைதான் கணக்கில் எழுதும் உரிமை. மூன்றாவது, கம்பெனியே சேவையை நிறுத்திவிடலாம். இது கற்பனையல்ல. அமெரிக்கக் கம்பெனியான இன்ட்யூட் நடத்திவந்த குவிக்புக்ஸ் என்ற இன்டர்நெட் கணக்குச் சேவை, இந்தியாவில் 2023 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. முந்திய வருஷமே அறிவிப்புக் கொடுத்திருந்தார்கள். ஆயினும் அதில் எழுதி வந்தவர்கள் தங்கள் கணக்கை வெளியே எடுத்து வேறிடம் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வியாபாரம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், கணக்கை வைத்திருப்பவன் கடையை மூடினால் நமக்கும் சங்கடம்தான்.

செலவு

விலையை மாத்திரம் ஒப்பிட்டு முடிவு செய்வது தவறு. ஐந்து வருஷச் செலவைக் கூட்டிப் பார்க்கவேண்டும். கடைக் கம்ப்யூட்டர் வகைக்கு முதலில் ஒரு தொகையும், பின் புதுப்பித்தலுக்கு வருஷந்தோறும் ஒரு தொகையும் ஆகலாம். இன்டர்நெட் வகைக்கு வருஷந்தோறும் சந்தா உண்டு. கணக்கு முறையை விளக்கும் பொருட்டு மட்டும் சில தொகைகளைக் கொள்வோம். முதல் விலை ரூ. 20,000, இரண்டாம் வருஷம் முதல் புதுப்பித்தல் வருஷத்துக்கு ரூ. 4,000 என்றால் ஐந்து வருஷத்தில் ரூ. 36,000 ஆகும். சந்தா வருஷத்துக்கு ரூ. 9,000 என்றால் ரூ. 45,000 ஆகும். ஆனால் முதல் வகைக்கு நல்ல கம்ப்யூட்டரும், மின்சாரம் போனால் தாங்கும் யு.பி.எஸ். பெட்டியும், பிரதி எடுக்கத் தனி டிஸ்க்கும் வேண்டும். அவற்றையும் சேர்த்தால் வித்தியாசம் குறையும். சில சமயம் இல்லாமலே போகும். நடப்பு விலையைக் கேட்டு, இவ்விதமாக அவரவர் கணக்குப் போட்டுக்கொள்வது நலம்.

சட்டம் கோருவது

தம் நிலத்தில் விளைந்ததை மட்டும் விற்கும் விவசாயிக்கு அவ்விற்பனைக்காக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரியும் இல்லை. அவருக்கு நல்ல நோட்டுப் புஸ்தகமே போதுமானது. மில்லும் கடையும் நடத்துவோர் நிலவருமானத்தையும் வியாபார வருமானத்தையும் கலக்காமல் வேறு வேறாக எழுதவேண்டும். இதை எந்த மென்பொருளும் தானாகச் செய்யாது.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளின் இயக்குநர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். கம்பெனிச் சட்டப்படி பதிவான எந்தக் கம்பெனியும் கணக்கு மென்பொருள் உபயோகித்தால், எழுதியதை யார், எப்பொழுது திருத்தினார் என்று தானே பதிந்துகொள்ளும் மென்பொருளையே உபயோகிக்கவேண்டும். அப்பதிவை நிறுத்தி வைக்கவும் கூடாது. இவ்விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்கின் பிரதி, இந்தியாவிலுள்ள சர்வரில் தினந்தோறும் சேமிக்கப்படவேண்டும் என்பது 2022-ல் வந்த விதி. கணக்குப் புஸ்தகங்களை எட்டு வருஷங்கள் காப்பாற்றவும் வேண்டும். மென்பொருள் வாங்குமுன் இம்மூன்றுக்கும் வசதி உண்டா என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் அவசியம்.

எவருக்கு எது தகும்

ஒரே கடை, ஒரே குமாஸ்தா, முதலாளி தினமும் கடைக்கு வருகிறார், இன்டர்நெட் தொடர்பு நிச்சயமில்லை என்றால் கடைக் கம்ப்யூட்டர் வகையே தகும். பிரதி எடுக்கும் வழக்கம் மட்டும் தவறக்கூடாது.

கடை ஓரிடம், கிட்டங்கி வேறிடம், கூட்டாளிகள் பலர், முதலாளி பெரும்பாலும் கிராமத்தில் இருக்கிறார், தொடர்பு நன்றாக உள்ளது என்றால் இன்டர்நெட் வகை தகும். அங்கத்தினர் பலரைக் கொண்ட உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கும் பொதுவாக இதுவே ஏற்றது. ஒருவர் கைக்குள் கணக்கு அடங்கியிருப்பது அங்கே சந்தேகத்துக்கு இடமளிக்கும்.

பிரதி எடுக்கும் முறை

எவ்வகையைத் தேர்ந்தாலும் பின்வருவனவற்றைக் கைக்கொள்வது அவசியம்.

1. கடைக் கம்ப்யூட்டரில் எழுதுவோர் தினமும் கடை கட்டுமுன் ஒரு பென் டிரைவிலோ தனி டிஸ்க்கிலோ பிரதி எடுக்கவேண்டும். அதைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டும். இரண்டு வைத்துக்கொண்டு நாள் விட்டு நாள் மாற்றிவருதல் உத்தமம்.

2. இன்டர்நெட்டில் எழுதுவோர் மாதந்தோறும் நாட்கணக்கையும் பேரேட்டையும் இறக்கித் தம்மிடம் வைத்துக்கொள்ளவேண்டும். வாங்குமுன்பே, “என் கணக்கு முழுவதையும் நான் வெளியே எடுக்க முடியுமா?” என்று கேட்டு, எடுத்தும் பார்க்கவேண்டும்.

3. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கவேண்டும். முளைப்புத் திறன் சோதிக்காத விதையும் திறந்து பார்க்காத பிரதியும் ஒன்றே. நாற்றங்காலில் தூவிய பிறகு வருந்திப் பயனில்லை.

4. மென்பொருளின் உரிமமும் கடவுச்சொல்லும் முதலாளியின் பெயரிலும் அவருடைய கைப்பேசி எண்ணிலும் இருக்கவேண்டும். குமாஸ்தாவின் பெயரிலோ விற்ற ஏஜெண்டின் பெயரிலோ இருந்தால், அவர் விலகிச் செல்லும் நாளில் கணக்கும் அவரோடு போகக்கூடும்.

5. மாதக் கடைசியில் கடன்காரர் பாக்கிப் பட்டியலை மட்டுமாவது காகிதத்தில் அச்சிட்டு, தேதியிட்டு, ஒரு கட்டில் சேர்த்து வைக்கவேண்டும்.

இந்த ஐந்தாவது காரியத்துக்குச் சில தாள்களுக்கு மேல் செலவில்லை. மேலே சொன்ன உரக்கடைக்காரர் அதைச் செய்திருந்தால், ஒரு மாதப் பாக்கிக்கு மேல் அவர் எவரிடமும் கேட்டிருக்க வேண்டியதில்லை. இப்பொழுது அவர் இன்டர்நெட் வகைக்கு மாறியிருக்கிறார். ஆனால் மாதக் கடைசியில் அவருடைய மகள் பாக்கிப் பட்டியலை அச்சிட்டு, நெல் விதைச் சீட்டுகள் வைக்கும் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறாள். கடனுக்கு உரம் வாங்குவோரிடம் தொகை எழுதிய சீட்டில் கையெழுத்தும் வாங்குகிறார்கள். ஊரில் யாரும் அதைக் குறையாக எண்ணவில்லை. தங்கள் பாக்கி சரியாக எழுதப்பட்டிருக்கிறதென்று அவர்களுக்கும் அது திருப்தியே.

ஆகையால், கணக்கு எங்கே இருக்கலாம் என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். அதன் பிரதியொன்று நம் கைவசம் இருக்கவேண்டும் என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதைத் தம் ஊரிலுள்ள சிறு வியாபாரிகளுக்கும் எடுத்துச் சொல்லி, இம்மாதக் கடைசியிலேயே முதல் பட்டியலை அச்சிடச் செய்வார்களாக.