பாதி வாடகை, பாதி வீடு: உறுதியில் யார் பெயர்?

அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வீடு என்றால் அது பெண்ணுக்குரியது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இதுதான் வழக்கம். உம்மாவின் வீடு ஒரு மகளுக்குப் போகும். அடுத்தவளுக்கு வாப்பாவும் காக்காமாரும் சேர்ந்து இன்னொன்று கட்டுவார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களிலும் இதே முறை உண்டு. இதனால் வரும் சீதனச் சுமை நாம் அறியாததல்ல. எத்தனையோ காக்காமாரின் இளமை கட்டாரிலும் சவூதியிலும் கழிந்தது தங்கச்சிமாரின் வீட்டுக்காகத்தான். ஆனாலும் கணவன் இறந்தாலும் விட்டுப் போனாலும், "வெளியே இறங்கு" என்று எவரும் சொல்ல முடியாத ஒரு கூரை பெண்ணுக்கு இருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் அந்தக் கூரைகளைக் கொண்டு போனது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்ததால் பலருக்கு வளவும் இல்லாமற் போனது. மாற்று வீடுகள் 'குடும்பத் தலைவர்' பெயரில் எழுதப்பட்டன. படிவத்தில் அந்தத் தலைவர் பெரும்பாலும் ஆண். சீதனமாகப் பெண்ணிடம் இருந்த வீடு, நிவாரணமாகத் திரும்பி வந்தபோது ஆணுடையதாகிவிட்டது. பெண்கள் அமைப்புகள் இணை உரிமை கேட்டன. கிடைத்தது சொற்பம்.

அதே படிவம் இன்று வேறு வடிவில் நம் முன் வருகிறது. இலங்கையில் 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. அமானா வங்கி 2011இல் தொடங்கியது. இம்முறையில் வீடு வாங்கும் ஏற்பாட்டைக் 'குறைந்து செல்லும் முஷாரகா' என்பார்கள். வங்கியும் நீங்களும் பங்காளிகளாக வீட்டை வாங்குகிறீர்கள். வங்கியின் பங்கை மாதாமாதம் சிறிது சிறிதாக வாங்குகிறீர்கள்; வாங்கி முடியாத பங்குக்கு வாடகை கொடுக்கிறீர்கள்.

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். வீடு 40 இலட்சம். நீங்கள் போடுவது 10, வங்கி போடுவது 30. வங்கியின் பங்கு 120 கூறுகள், ஒரு கூறு 25,000 ரூபாய். வாடகை மாதம் நூற்றுக்கு ஒன்று என்றால் முதல் மாதம் 25,000 கூறுக்கு, 30,000 வாடகைக்கு. ஐந்து வருடம் முடிந்ததும் வாடகை 15,000ஆகக் குறைந்திருக்கும். எட்டில் ஐந்து பங்கு வீடு உங்களுடையது. ஆனால் அதற்குள் நீங்கள் மாதாமாதம் கட்டிய 28,57,500 ரூபாயில் 15 இலட்சம் மட்டுமே வீடாக மாறியிருக்கும். மிகுதி வாடகை, அது போனது போனதுதான். ஓட்டோ லீசிங் போல, கட்டிய காசெல்லாம் வண்டிக்குத்தான் என்று நினைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் திகைத்துப் போகிறார்கள்.

வட்டி இல்லை என்பதால் வாடகை அசையாது என்றும் எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது சந்தை வீதத்தை ஒட்டியே மீளாய்வு செய்யப்படும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது நினைவிருக்கும். வாடகை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், ஏறினால் எல்லை உண்டா என்று கேளுங்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி பெயர். சம்பளப் பட்டியல் கணவனிடம் இருக்கிறது. மருதமுனையில் தறியில் சாரம் நெய்பவளிடமோ வீட்டில் தையல் தைப்பவளிடமோ அது இல்லை. எனவே விண்ணப்பம் கணவன் பெயரில் போகிறது, உறுதியும் அவர் பெயரில் வருகிறது. அந்த 10 இலட்சம் எங்கிருந்து வந்தது? பல வீடுகளில் மனைவியின் நகையிலிருந்து. முஷாரகா என்றாலே முதல் போட்டவர் பங்காளி என்பதுதானே? அப்படியானால் விற்ற மாலையும் காப்பும் முதல்தான். அதை எழுத்தில் கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்காவிட்டால் என்ன? கணவன் மௌத்தாகிவிட்டால், பிள்ளைகள் இருக்கும் முஸ்லிம் மனைவிக்கு அவர் சொத்தில் எட்டில் ஒரு பங்கே வாரிசுரிமையாக வரும். பொதுச் சட்டத்தின் கீழ் வரும் கிழக்கின் தமிழ் மனைவிக்குப் பாதி. வீட்டில் பாதி முன்பே உங்கள் பெயரில் இருந்தால் அந்தப் பாதி வாரிசுப் பங்கீட்டுக்குள் வராது. கணவனின் பாதி மட்டுமே பங்கிடப்படும். மாதக் கட்டணம் செலுத்துபவர் இறந்தால் மிகுதியைத் தீர்க்கத் தகாஃபுல் அல்லது காப்புறுதி இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். 1990இலும் அதன் பின்னும் ஒரே இரவில் விதவையான நமக்கு இது அபசகுனப் பேச்சல்ல.

அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்களுக்கு இந்த வழி எளிதில் திறக்காது. வங்கிகள் தெளிவான உறுதியைத்தான் கேட்கும். அந்தக் காணிகளில் மூத்த மகனுக்கு முன்னுரிமை தந்த பழைய வாரிசு ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டுவிட்டது என்பதை மட்டும் மகள்மாருக்குச் சொல்லி வையுங்கள்.

ஒப்பந்தப் பிரதியைக் கையொப்பத்துக்கு முன்பே வாங்கி, உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசிக்கச் சொல்லுங்கள். வங்கியின் நொத்தாரிசு வங்கிக்கானவர். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை வழங்குகிறது. கல்முனையிலும் அதன் நிலையம் உண்டு. போகும்போது அடையாள அட்டை, விவாகப் பதிவு, நகை விற்ற பற்றுச்சீட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.