குப்புற விழும் மாதமும் செருப்பு கொள்ளாத வயதும்

கைக்குழந்தையோடு விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறும் பெண்ணை யாரும் சும்மா விடமாட்டார்கள். முண்டியம்பாக்கம் வருவதற்குள் பக்கத்து சீட் அம்மா ஆரம்பித்துவிடுவார்: "எத்தினி மாசம்? தலை நின்னுடுச்சாம்மா?" விக்கிரவாண்டியில், "குப்புற விழறானா?" கூட்டேரிப்பட்டில் ஏறுகிறவர், "இன்னும் தவழலியா? எம் பேத்தி இந்நேரம் எழுந்து நின்னுட்டா" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார்.

கேள்விகள் எரிச்சல் மூட்டலாம். ஆனால் அவற்றின் வரிசை தப்புவதே இல்லை. முதலில் கழுத்து, அப்புறம் முதுகு, பிறகு இடுப்பு, கடைசியில் கால். குழந்தை வளர்ச்சிப் பாடத்தின் முதல் விதியும் இதுதான்: தலையிலிருந்து காலை நோக்கி. இரண்டாவது விதி, உடலின் நடுவிலிருந்து ஓரத்துக்கு. தோள் முதலில் சொன்னபடி கேட்கும். விரல் நுனி கடைசியில்தான். தரையில் கிடக்கும் பொரியை ஆறு மாதத்தில் உள்ளங்கையால் வாரப் பார்க்கும் குழந்தை, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒற்றைப் பொரியாகப் பொறுக்க ஒன்பது, பத்து மாதம் ஆகிவிடும்.

நம் புலவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் மீது பாடியதுதான் நமக்குக் கிடைத்துள்ள பழைய பிள்ளைத்தமிழ். அந்த மரபில் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம் என்பார்கள்: கைகளைத் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். இரு கையையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம். நடந்து வரும் வருகைப் பருவம் ஓராண்டை ஒட்டி. கவிதை இலக்கணத்தை வைத்தியப் புத்தகமாக்க வேண்டியதில்லை. ஆனாலும் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் போட்ட வரிசை அது.

வம்பு, பருவத்துக்கு ஒரு மாதம் என்று எண் ஒட்டும்போது வருகிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், நன்றாகச் சாப்பிட்டு ஆரோக்கியமாக வளரும் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். அதாவது ஒன்பது மாதத்தில் நடந்ததும் சரி, பதினேழு மாதத்தில் நடந்ததும் சரி. இன்னொன்று: சுமார் 4 சதவீதக் குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழவே இல்லை, அதைத் தாண்டி நேராக எழுந்து நின்றுவிட்டன. கூட்டேரிப்பட்டு அம்மாவிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்.

எடையிலும் இதே கதைதான். அங்கன்வாடியில் குழந்தையைத் தராசில் போட்டதும் டீச்சர் அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். பெற்றவர்கள் புள்ளி எந்த நிறத்தில் விழுந்தது என்று மட்டும் பார்ப்பார்கள்; பச்சை என்றால் நிம்மதி. பார்க்க வேண்டியது போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் சேர்க்கும் கோட்டை. மஞ்சளில் இருந்தாலும் ஏறிக்கொண்டே போகும் கோடு நல்ல செய்தி. பச்சையிலேயே படுத்துவிட்ட கோடு எச்சரிக்கை: வயிற்றுப்போக்கோ, பால் மறந்ததோ, இணை உணவு தொடங்கத் தாமதமானதோ அதற்குப் பின்னால் இருக்கும். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டது இந்தக் கோட்டுக்காகத்தான். ஏற்றம் நின்ற குழந்தைக்கு உடனே கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். இத்தனைக்குப் பிறகும், 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்.

வேகம் அவரவருடையது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. நாலு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று மாமியார் சொல்வதைக் கேட்டு ஒரு வருடத்தை விட்டவர்கள் உண்டு.

சக்கரம் வைத்த வாக்கரில் உட்கார வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பதும் தப்புக் கணக்கு. அது நடையைக் கொஞ்சம் தாமதப்படுத்தவே செய்யும், கவிழ்ந்து அடிபடவும் செய்யும். கனடா 2004இலேயே அதைத் தடை செய்துவிட்டது. குழந்தை தானே எழுந்து நின்று தள்ளும் பழைய மர நடைவண்டி எவ்வளவோ தேவலை.

பிறகு பல ஆண்டுகள் வளர்ச்சி சத்தமில்லாமல், வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டராக நடக்கும். மீண்டும் வேகமெடுப்பது பூப்பெய்தும் வயதை ஒட்டி. பெண் பிள்ளைகளுக்கு இது ஏறக்குறைய இரண்டு வருடம் முந்திவிடும். ஆறாம், ஏழாம் வகுப்பில் பையன்களைவிட அவர்கள் உயரமாகத் தெரிவது அதனால்தான். வேடிக்கை என்னவென்றால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் பாதம் நீளும், அப்புறம் கால், கடைசியில்தான் உடம்பு. ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் திண்டிவனம் நேரு வீதிச் செருப்புக் கடையில் நின்று பாருங்கள். "போன தீபாவளிக்கு எடுத்ததுண்ணா, அதுக்குள்ள கொள்ளல" என்று அம்மா குறைப்படுவார். கடைக்காரர் பையனின் உயரத்தைப் பார்க்காமல் பாதத்தை மட்டும் பார்த்து, "ஒரு சைஸ் பெரிசாவே எடுத்துக்கங்கக்கா, பேண்ட்டும் இப்ப தைக்காதீங்க" என்பார்.