உங்கள் கம்ப்யூட்டருக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள்?

வீட்டில் ஒரே கம்ப்யூட்டரை மூன்று நான்கு பேர் பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் ஷட் டவுன் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: உள்ளே வேறு யாராவது லாக் ஆன் ஆகி இருக்கிறார்களா?

"இருப்பது ஒரு நாற்காலி. அதில் ஒருவர்தானே உட்கார முடியும்?" என்று நினைக்கலாம். ஆனால் 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு புதிய வசதி வந்தது. ஒருவர் தன் ஃபைல்களை மூடாமலேயே எழுந்து போகலாம். அடுத்தவர் தன் அக்கவுண்டில் நுழைந்து வேலை பார்க்கலாம். முதல் நபர் திறந்து வைத்த புரோகிராம்கள் திரைக்குப் பின்னால் அப்படியே இருக்கும். இன்றைய விண்டோஸ் 11-லும் இப்படித்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். வேலைக்கான ஆன்லைன் விண்ணப்பம் ஒன்றுக்கு அன்று கடைசி நாள். பாதி நிரப்பிய அக்கா, சான்றிதழ்களைத் தேடி எடுக்க எழுந்தார். "அஞ்சு நிமிஷம் குடுக்கா" என்று கேட்ட தம்பிக்காக ஸ்விட்ச் யூசர் கொடுத்துவிட்டுப் போனார். அவன் தன் வேலையை முடித்து ஷட் டவுன் கொடுத்தான். இன்னொருவரும் இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார், நிறுத்தினால் அவர் சேவ் செய்யாதவை போய்விடக்கூடும் என்று விண்டோஸ் எச்சரித்தது. அவன் அதைப் படிக்காமலேயே க்ளிக் செய்துவிட்டான். அக்கா முதலிலிருந்து நிரப்பி, இரவு பதினொன்றரைக்கு அனுப்பி முடித்தார்.

விண்டோஸில் பார்ப்பது எப்படி?

1. அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டில் நுழையுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளை ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும்.

2. விண்டோஸ் 11-ல் இடது பக்கப் பட்டியலில் யூசர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-ல் இது மேலே ஒரு டேபாக இருக்கும். டேப்கள் தெரியாவிட்டால் கீழே உள்ள மோர் டீடெய்ல்ஸ் என்பதில் க்ளிக் செய்யுங்கள்.

3. லாக் ஆன் ஆகியுள்ள எல்லோருடைய பெயரும் கிடைக்கும். டிஸ்கனெக்டட் என்று ஒரு பெயருக்கு நேரே இருந்தால், அவர் வெளியேறிவிட்டார் என்று எண்ண வேண்டாம். எழுந்து போயிருக்கிறார், அவருடைய வேலை உள்ளே திறந்தே இருக்கிறது.

4. பெயரின் மீது மவுஸின் வலது பட்டனைத் தட்டினால் சைன் ஆஃப் என்ற கட்டளை வரும். இதைக் கொடுத்தாலும் சேவ் செய்யாதவை போய்விடும். எனவே முதலில் அவரைக் கூப்பிட்டுச் சேவ் செய்யச் சொல்லுங்கள்.

உங்களிடம் இருப்பது விண்டோஸ் புரொஃபஷனல் பதிப்பா? கமாண்ட் பிராம்ப்டில் க்யூ, யு, எஸ், இ, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து எண்டர் தட்டுங்கள். யார், எப்போது நுழைந்தார், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்பதெல்லாம் வரும். ஹோம் பதிப்பில் இந்தக் கட்டளை இல்லை.

லினக்ஸில்

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலைத் திறந்து, 'யார்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை, அதாவது டபிள்யூ, ஹெச், ஓ என்ற மூன்று எழுத்துகளை, சிறிய எழுத்தில் டைப் செய்தால் போதும். ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல டெர்மினல்களில் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில் பிறந்த கட்டளை இது. பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸின் 1971-ம் ஆண்டு முதல் கையேட்டிலேயே இடம் பெற்றுவிட்டது.

டபிள்யூ என்ற ஒரே எழுத்தை டைப் செய்தால், அவர் எந்தக் கட்டளையை இயக்குகிறார் என்பதும் தெரியும். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு லினக்ஸ் சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்கிறோம். அதை ரீபூட் செய்ய வேண்டுமென்றால் முதலில் இந்த எழுத்தைத்தான் தட்டுவோம். பட்டியலில் யார் பெயராவது இருந்தால் அவருக்கு ஒரு போன். அதன் பிறகுதான் ரீபூட்.

தெரியாத பெயர் இருந்தால்?

பயப்பட வேண்டாம். சர்வீஸ் செய்தவரோ, முன்பு வைத்திருந்தவரோ உருவாக்கிய அக்கவுண்டாக இருக்கலாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குச் சென்று அதர் யூசர்ஸ் பட்டியலைப் பாருங்கள். யாருக்கும் தேவையில்லை என்று உறுதியானால் நீக்கலாம். நீக்கினால் அந்த அக்கவுண்டில் உள்ள ஃபைல்களும் போய்விடும் என்பதால், வேண்டியவற்றை முதலில் காப்பி செய்துகொள்ளுங்கள். யாருடையது என்றே தெரியவில்லையா? உங்கள் பாஸ்வேர்டை மாற்றி, வைரஸ் ஸ்கேன் ஒன்றும் செய்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோரும் பின்பற்ற வேண்டியவை

* ஆளுக்கு ஓர் அக்கவுண்ட், தனித்தனி பாஸ்வேர்டு.
* வேலை முடிந்தால் ஸ்விட்ச் யூசர் அல்ல, சைன் அவுட் கொடுங்கள்.
* சற்று நேரம் எழுந்து போவதென்றால் சேவ் செய்துவிட்டு, விண்டோஸ் கீயுடன் எல் கீயை அழுத்தி லாக் செய்யுங்கள்.
* லேப்டாப்பின் மூடியைச் சாத்துவது லாக் ஆஃப் ஆகாது.
* ஷட் டவுனின்போது எச்சரிக்கை வந்தால் முழுவதும் படியுங்கள். அது வந்தால் உள்ளே இன்னொருவர் இருக்கக்கூடும்.