மோகனூர் மணலும் நாகை மணல்மேடும்

நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம், பரமத்திவேலூர், மோகனூர் வழியாகக் காவிரி காலங்காலமாக உருட்டிச் சென்ற மணல்தான் டெல்டாவின் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு தள்ளியதை அலை கரையோரமாக நகர்த்தும். அலை ஒதுக்கியதைக் காற்று அள்ளி மேடாக்கும். அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் அதைப் பிடித்து வைக்கும். புயலில் மேட்டின் முன்பக்கம் கரைந்து, கடலுக்குள் திட்டாகப் படிந்து அலையின் வேகத்தைத் தணிக்கும். பிறகு அந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேறும். மேடு இப்படிப் போய்வர இடம் இருந்தால், பின்னால் இருக்கும் ஊர் தப்பிக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். உயரமான மணல்மேடுகள் அலையைத் தடுத்தன. அவற்றை வெட்டிய இடங்களில் தண்ணீர் புகுந்தது. அதற்குப் பிறகும் நாம் செய்தது என்ன? மணலின் மேல் நெருக்கமாகச் சவுக்கு நட்டோம், கரையில் பாறாங்கல் கொட்டினோம். கல் கொட்டிய குப்பம் நிற்கும், அடுத்த குப்பத்தைக் கடல் அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது.

மேட்டை நகரவிட்டால் வீடு போய்விடுமே என்று மீனவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. படகும் வலையும் கரையில் இருக்கட்டும், வீடுகள் மேட்டுக்குப் பின்னால், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் அமையட்டும். 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய பகுதியில்தான் சேர்த்தது.

என் பெரிய கவலை வேறு. மேடு நகர்வதற்கு மணல் வேண்டாமா? 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை, மேலேயிருந்து வரும் மணலைத் தன் வயிற்றிலேயே நிறுத்திக்கொள்கிறது. அணைக்குக் கீழே ஆற்றில் மிஞ்சியதை லாரி லாரியாக அள்ளினோம். லாரித் தொழில் நாமக்கல்லுக்குச் சோறு போடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே அள்ளிய ஒவ்வொரு லோடும் கடற்கரைக்குப் போகாத மணல்.

நெதர்லாந்தில் 2011-இல் சுமார் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து எடுத்து வந்து கரையில் கொட்டினார்கள், காற்றும் அலையும் பரப்பட்டும் என்று. நமக்கு அந்த வேலையைக் காவிரி செலவில்லாமல் செய்துவந்தது. மணல் குவாரி என்றால் இங்கே நிலத்தடி நீரைப் பற்றிப் பேசுகிறோம். அந்தப் பேச்சில் நாகைக் கரையும் வர வேண்டும். மேட்டூரில் தேங்கும் மணலில் ஒரு பங்கையாவது அணைக்குக் கீழே ஆற்றில் சேர்க்க முடியுமா என்று பொறியாளர்கள் இப்போதே கணக்குப் போட வேண்டும்.