சில்லுச் சப்பாத்தும் மணிக்கட்டும்

வசந்தம் பிறந்ததும் எமது பிள்ளைகள் கேட்கும் பொருட்களில் ஒன்று இன்லைன் ஸ்கேற்ஸ் எனப்படும் சில்லுச் சப்பாத்து. "விழுந்து கையை முறிச்சால் என்ன செய்யிறது?" என்று சில பெற்றோர் மறுத்துவிடுகிறார்கள். வேறு சிலர் சப்பாத்தை மட்டும் வாங்கிக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் பிள்ளைக்கு நன்மை தருவதில்லை.

5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை உசார்ப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நீரிழிவும் இதய நோயும் எமது சமூகத்தவரை மற்றவர்களைவிட இளவயதிலேயே பிடிக்கின்றன. ஆகவே ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் வெளியே ஓடி விளையாட வேண்டும். சில்லுச் சப்பாத்து ஓட்டம் தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல பயிற்சி. சாதாரண ஓட்டத்தைவிட முழங்காலில் விழும் அதிர்வும் குறைவு.

எங்கே ஓடலாம்?

ஜேர்மனியின் வீதிச் சட்டத்தின்படி சில்லுச் சப்பாத்து அணிந்தவர் பாதசாரியாகவே கணிக்கப்படுகிறார். அவர் நடைபாதையில்தான் செல்ல வேண்டும். அதற்கென அனுமதிப் பலகை உள்ள இடங்களில் மட்டுமே வீதியிலோ சைக்கிள் பாதையிலோ ஓடலாம். நெருக்கமான நடைபாதையில் பழகுவது கடினம் என்பதால், வாகனம் வராத தார்ப்பாதைகளைத் தேடிப் போவதே நல்லது.

பேர்லினில் இருப்பவர்கள் முதலில் ரெம்பல்கோவ் திடலுக்குப் போகலாம். 2008 இல் மூடப்பட்ட விமான நிலையம் 2010 இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பழைய ஓடுபாதைகள் அகலமானவை, சமதரையானவை. அனுமதி இலவசம். திறந்த வெளியாதலால் காற்றுப் பலமாக வீசும். அது முதுகுப் பக்கமிருந்து அடித்தால் வேகம் தானாகவே கூடும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

ஓரளவு பழகியவர்களுக்கு பேர்லினுக்குத் தெற்கே ஃபிளேமிங் ஸ்கேற் பாதை உண்டு. வயல், காடு, கிராமங்கள் ஊடாகச் செல்லும் இப்பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 230 கிலோமீற்றர். லுக்கன்வால்ட, யூற்றர்போக் நகரங்களுக்கு ரயிலில் சென்று அங்கிருந்து தொடங்கலாம். இங்கே தார் மிக வழுவழுப்பானது. ஓடுவதற்குச் சுகம், நிறுத்துவதற்குத்தான் கஷ்டம். இடையிடையே இறக்கங்களும் வீதிக் குறுக்கீடுகளும் வரும். நிறுத்தப் பழகாத பிள்ளையை இங்கே கூட்டிச் செல்ல வேண்டாம்.

மணிக்கட்டு ஏன் முறிகிறது?

விழும்போது நாம் யோசிக்காமலே கையை முன்னே ஊன்றுகிறோம். உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. அமெரிக்காவில் 1996 இல் வெளியான ஓர் ஆய்வில், அவசர சிகிச்சைக்கு வந்த சில்லுச் சப்பாத்துக் காயங்களில் நான்கில் ஒன்று மணிக்கட்டு எலும்பு முறிவாக இருந்தது. மணிக்கட்டுக் காப்பு அணியாதவர்களுக்கு அவ்விடத்தில் காயம் ஏற்படும் சாத்தியம் அணிந்தவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு அதிகம் என்றும் அதே ஆய்வு காட்டியது. காப்பின் உள்ளங்கைப் பக்கம் உள்ள கெட்டியான தகடு தரையில் வழுக்கிச் செல்வதால், அடியின் வேகம் எலும்புக்குப் போகாமல் தடுக்கப்படுகிறது.

கவனிக்க வேண்டியவை

1. தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கைக் காப்பு, முழங்கால் காப்பு ஆகிய நான்கையும் சப்பாத்துடன் சேர்த்தே வாங்குங்கள். பணம் போதாவிட்டால் சப்பாத்தைப் பழையதாக வாங்கலாம், காப்புகளை விடக்கூடாது.
2. "வளருகிற பிள்ளை" என்று பெரிய அளவு வாங்காதீர்கள். கணுக்கால் ஆடினால் விழுவது நிச்சயம்.
3. ஓடப் பழகுமுன் நிறுத்தப் பழக வேண்டும். குதிக்காலில் உள்ள பிரேக்கை அழுத்துவதையும், முழங்காலை மடித்து முழங்கால் காப்பின் மேல் விழுவதையும் முதல் நாளே பழக்குங்கள்.
4. மழை பெய்த தரையிலும், மணலும் இலைகளும் கிடக்கும் இடங்களிலும் ஓட வேண்டாம்.

விழுந்துவிட்டால்

இதைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளையின் மணிக்கட்டு வீங்கியிருந்தால் நோவெண்ணெய் பூசி உருவாதீர்கள். "விரலை அசைக்கிறான், அப்ப முறியேல்லை" என்ற கணிப்பும் தவறு. எலும்பு முறிந்தாலும் விரல்கள் அசையும். வளரும் வயதில் எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தகடு பாதிக்கப்பட்டுக் கவனிக்காமல் விட்டால் கை வளைந்தோ குட்டையாகவோ வளரக்கூடும்.

கையை அசையாமல் தாங்கிப் பிடித்து, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, அன்றே எக்ஸ்ரே எடுக்கச் செல்லுங்கள். கை கோணியிருந்தால், விரல்கள் மரத்தால் அல்லது வெளிறினால், தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் உடனே 112 ஐ அழையுங்கள்.

முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும், பெருவிரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தும்போது நோவு இருந்தால் சும்மா விடாதீர்கள். அங்கிருக்கும் சிறிய எலும்பின் முறிவு தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். கையைக் கட்டி வைத்து, பத்துப் பதினைந்து நாளில் மறுபடி காட்ட வேண்டும். தவறினால் எலும்பு பொருந்தாமல், மணிக்கட்டு நோவு நாட்பட்டதாகிவிடும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கேட்டால் வாங்கிக் கொடுங்கள். ஆனால் "காப்பு இல்லையென்றால் ஓட்டமும் இல்லை" என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். நீங்களும் வீட்டில் இருந்துவிடாமல் கூடவே போய், பிள்ளை ஓடும் நேரத்தில் திடலைச் சுற்றி நடவுங்கள். உங்கள் இரத்தத்தில் உள்ள சீனிக்கும் அது நல்லது.