குமரியில் துப்பாக்கிச்சூடு... பதவி விலக மறுத்த முதல்வர் பிறகு ஆளுநரானது எப்படி? யார் இந்த பட்டம் தாணு பிள்ளை?

ஒவ்வொரு ஆகஸ்ட் 11-ம் தேதியும் கன்னியாகுமரி மாவட்டம் புதுக்கடையில் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. 1954-ல் அதே நாளில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் தமிழர்கள் பலர் உயிரிழந்தனர். அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதல்வராக இருந்தவர் பட்டம் தாணு பிள்ளை.

'பட்டம்' என்பது பட்டப்பெயர் இல்லை; திருவனந்தபுரத்தில் உள்ள ஓர் இடம். 1885-ல் பிறந்த இவர் வழக்கறிஞர். 1938-ல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸின் முதல் தலைவரானார். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரை எதிர்த்து சிறைக்கும் போனார். அந்த ஆண்டு நெய்யாற்றங்கரையில் திரண்ட மக்கள் மீது திவான் ஆட்சி துப்பாக்கிச்சூடு நடத்தியது. அதை எதிர்த்த இயக்கத்தின் தலைவர்தான் இவர் என்பதை மனதில் வையுங்கள்.

1954-ல் என்ன நடந்தது?

1948-ல் சில மாதங்கள் திருவிதாங்கூர் பிரதமராக இருந்தவர், பின்னர் காங்கிரஸை விட்டு விலகி பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு வந்தார். 1954 தேர்தலில் 117 இடங்களில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 19. ஆனாலும் காங்கிரஸ் ஆதரவு தர, முதல்வர் நாற்காலி இவருக்கு!

தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களில் வென்றிருந்தது. தேவிகுளத்தில் தடையை மீறிய அதன் தலைவர் நேசமணி கைதானார். போராட்டம் தெற்கே பரவியது. ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிகள் வெடித்தன.

சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு

அதிர்ச்சியடைந்தவர்களில் ஒருவர் ராம் மனோகர் லோகியா. அப்போது அவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என அங்கிருந்தே தந்தி அனுப்பினார். தாணு பிள்ளை அசையவில்லை, கட்சித் தலைமையும் அவர் பக்கமே நின்றது. லோகியாதான் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு இறுதியில் தனிக்கட்சியும் கண்டார். மார்த்தாண்டத்தில் வெடித்த தோட்டா, டெல்லி வரை ஒரு தேசியக் கட்சியையே உடைத்துவிட்டது என்றால் மிகையில்லை.

ஆட்சியும் நீடிக்கவில்லை. காங்கிரஸ் கைவிட, 1955 பிப்ரவரியில் கவிழ்ந்தது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் குமரி மாவட்டமாகத் தமிழகத்தில் இணைந்தன.

ஆளுநர் மாளிகைக்கு...

1960-ல் காங்கிரஸ் கூட்டணியோடு கேரள முதல்வராகத் திரும்பி வந்தார். 1962-ல் அவரை பஞ்சாப் ஆளுநராக்கியது மத்திய அரசு. முதல்வர் பதவி காங்கிரஸின் ஆர். சங்கருக்குப் போனது. இது பதவி உயர்வா, இல்லை ஓரங்கட்டலா? கணக்கு யாருக்கும் புரியாததல்ல. 1964-ல் ஆந்திர ஆளுநராக மாற்றப்பட்டு, 1968 வரை ஹைதராபாத்தில் இருந்தார். 1970 ஜூலையில் காலமானார்.