தாடை எலும்பு முறிவு: உலோகத் திருகை எலும்பு ஏற்றுக்கொள்வது எப்படி?

தாடை எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், வலி குறைந்ததும் வழக்கமான உணவுக்குத் திரும்ப விரும்புவது இயல்பு. ஆனால், முறிவைப் பிடித்திருக்கும் திருகுகளுக்கு முதல் சில வாரங்களே சோதனைக் காலமாகும்.

இந்தியாவில் முக எலும்பு முறிவுகளுக்குச் சாலை விபத்துகள் முக்கியக் காரணமாக உள்ளன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 சாலை விபத்துகளில் 4,43,366 பேர் காயமடைந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது.

முறிந்த தாடைப் பகுதிகளைச் சரியான நிலையில் பொருத்தி, மெல்லிய டைட்டானியம் தகடுகளையும் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகுகளையும் கொண்டு மருத்துவர்கள் இணைக்கின்றனர். தொடக்கத்தில் திருகின் மரைகள் எலும்பை இறுகப் பற்றியிருப்பதே அதன் வலிமை.

துளையிடும்போதே எலும்பின் எதிர்வினை தொடங்கிவிடுகிறது. வெப்பம் 47 டிகிரி செல்சியஸை எட்டி ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புத் திசு பாதிக்கப்படக்கூடும். எனவே, உப்புநீரைப் பாய்ச்சிக் குளிர்வித்தபடியே துளையிடுகின்றனர்.

அடுத்த சில வாரங்களில், சேதமடைந்த எலும்பை 'ஆஸ்டியோகிளாஸ்ட்' செல்கள் கரைத்து அகற்ற, 'ஆஸ்டியோபிளாஸ்ட்' செல்கள் புதிய எலும்பை உருவாக்குகின்றன. பழைய எலும்பு அகன்று, புதிய எலும்பு முழுமையாக உறுதிப்படாத இடைக்காலத்தில் திருகின் பிடிமானம் சற்றுக் குறையலாம். வலி குறைந்து நோயாளி கவனத்தைத் தளர்த்தும் காலமும் பெரும்பாலும் இதுவே.

இக்காலத்தில் திருகு அசைவது ஆபத்தானது. அசைவு சுமார் 150 மைக்ரோமீட்டரைத் தாண்டினால், திருகைச் சுற்றி எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளரும் வாய்ப்பு அதிகம். அதனால் திருகு தளர்ந்து, தொற்று ஏற்பட்டு, மறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

அசைவின்றி இருந்தால், டைட்டானியத்தின் மேற்பரப்பில் இயல்பாக உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தை ஒட்டியே எலும்பு வளர்கிறது. 1950-களில் சுவீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனேமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியை அகற்ற முயன்றபோது, அது எலும்புடன் இறுகப் பிணைந்திருப்பதைக் கண்டார். தொந்தரவு ஏதும் இல்லாவிடில், தாடையில் வைத்த தகடுகளையும் திருகுகளையும் அகற்றாமல் விட்டுவிடுவதே பெரும்பாலான இடங்களில் வழக்கம்.

எனவே, பொதுவாக 4 முதல் 6 வாரங்களுக்கு மென்மையான உணவே அறிவுறுத்தப்படுகிறது. புகைப்பழக்கமும், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். வாய்த் தூய்மையின்மை தொற்றுக்கு வழிவகுக்கும். வீக்கம், சீழ்க் கசிவு, பற்கள் முன்போல் பொருந்தாமை ஆகியவை தென்பட்டால் உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும்.

இருசக்கர வாகனத்தில் செல்வோர், தாடையையும் மறைக்கும் முழுமுகத் தலைக்கவசம் அணிந்தால், இத்தகைய காயங்கள் நேரும் அபாயத்தைப் பெருமளவு குறைக்கலாம்.